ஒன்பது மணிச் சொட்டு மருந்து

எடைமேடை பழுது பார்ப்பவர் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. தராசுக்காரர் என்றால்தான் தெரியும். ஆலை வாசல்களிலும் கல்குவாரி ஓரங்களிலும் லாரியை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் பெரிய இரும்பு மேடைகள் இருக்கின்றனவே, அவை உண்மை சொல்கின்றனவா என்று சோதித்து, பிசகியிருந்தால் திருத்திக் கொடுப்பது அவர் வேலை. ஒரு சின்ன வேன், அதன் பின்பக்கம் இருபது கிலோ இரும்புக் கற்கள் ஐம்பது. மேடையின் ஒரு மூலையில் கற்களை அடுக்குவார், எண்ணைப் பார்ப்பார், அத்தனையையும் தூக்கி அடுத்த மூலைக்குக் கொண்டுபோவார். நாலு மூலையிலும் ஒரே எண் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது. இருபத்தாறு வருஷம் இப்படியே போயிற்று. மாதத்தில் பாதி நாள் வீடு, பாதி நாள் ரோடு.

ஐம்பதாவது வயதில், படிக்கும் கண்ணாடி வாங்கலாம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். போன இடத்தில் டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் அழுத்தம் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தார். இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டியது இருபத்தெட்டு இருந்தது.

"வலி எதுவும் இல்லீங்களே" என்றார் தராசுக்காரர்.

"வலிக்காது. அதுதான் இதுல வம்பே. உள்ள இருக்குற நரம்பக் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுக்கிட்டே போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. போன பார்வை திரும்ப வராது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. ஆயுசுக்கும் விடக்கூடாது."

விடக்கூடாது என்று சொன்னால் போதும், அவர் விட மாட்டார். அன்றிலிருந்து ஒன்பது அடிக்கும்போது எங்கே இருந்தாலும் தலையை அண்ணாந்து, கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு. கண்ணை மூடி இரண்டு நிமிஷம். கல்யாண வீட்டுப் பந்தியில் பாதியில் எழுந்து போயிருக்கிறார். "கடிகாரமே இவரப் பாத்துத்தான் மணி அடிக்குது" என்று மனைவி கேலி செய்வாள். மருந்து பாட்டிலை அவள் ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அது தொலைந்துபோகாமல் இருக்கத்தான் அங்கே இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முதல் வருஷம் அழுத்தம் பதினேழுக்கு இறங்கியது. டாக்டரம்மா, "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எனக்குப் பாதி வேலை குறையும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் ஒரு வாரம் மனசுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் கம்பெனி அவருக்கு வேறு பாதை கொடுத்தது. எல்லாம் குவாரிகள். மரம் என்று பேருக்கு ஒன்றிரண்டு நிற்கும் வெட்டவெளி. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். வழியில் மருந்துக்கடை கிடையாது. ஒரு நாளும் மருந்து இல்லாமல் போய்விடக் கூடாதே என்று, தராசுக்காரர் ஆறு பாட்டில்களை மொத்தமாக வாங்கி, வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால் மூடி போட்ட சின்னப் பெட்டி இருக்கிறதே, அதற்குள் வைத்துக்கொண்டார். எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், மறக்கவே முடியாது. அதைவிடப் பத்திரமான இடம் அவருக்குத் தோன்றவில்லை. வேன் பகல் முழுக்க மேடைக்குப் பக்கத்தில், வெயிலில், கண்ணாடிகளை ஏற்றியபடி நிற்கும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அழுத்தம் இருபத்தேழு.

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "வெளியூர் போறப்ப சொட்டு விட்டுப்போகுதா?"

"இல்லீங்க. ஒரு நாள்கூட விட்டதில்ல."

"பரவால்ல, சொல்லுங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான். நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்."

"விட்டிருந்தா விட்டேன்னு சொல்லப்போறேன். விடலைங்க."

அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டாக்டரம்மா பேனாவை எடுத்தார். இரண்டாவதாக ஒரு மருந்தையும் எழுதினார், பக்கப் பார்வையைச் சோதிக்கும் பரிசோதனைக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். நம்பவில்லை என்பது அந்தச் சீட்டை நீட்டிய விதத்திலேயே தெரிந்தது. தராசுக்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பரிசோதனைக்குப் போகவே இல்லை. இரண்டாவது மருந்தும் அதே பெட்டிக்குள் போயிற்று.

வீட்டிலும் அது புகைந்தது. மனைவி பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். நாற்பது பிள்ளைகளை ஒரு நாளில் நாலு தடவை எண்ணுகிறவள். எந்தப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டுத் தொலைக்கவில்லை என்று சாதிக்கிறது என்பது முழியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, லாட்ஜுல அசந்து தூங்கிடுறீங்களோ?"

"நீயுமா?"

"கேக்கக்கூடாதா? மருந்து போட்டா ஏன் ஏறுது?"

"அத டாக்டர்கிட்ட கேளு. எங்கிட்ட கேக்காத."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார். முப்பது வருஷம் கூடவே இருந்தவளுக்குக்கூடத் தன் வார்த்தை எடை குறைவாகத் தெரிகிறதே என்ற நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்தது. அதற்குப் பிறகு அவர் வெளியூரிலிருந்து ஒன்பது மணிக்குப் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டார். பண்ணினால் சாட்சி வைப்பது போல இருக்கும் என்று ரோஷம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு குவாரியில், கையிலிருந்த கருவியில் எண்ணைப் பார்த்தபடி மேடை விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். இடது பக்கமிருந்து ஒரு லாரி பின்னோக்கி வந்தது. ஹாரன் அடித்ததைக் கேட்டார். ஆனால் அது எங்கோ தூரத்தில் என்று நினைத்துக்கொண்டார், ஏனென்றால் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அவர் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த நொடி யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். லாரியின் பக்கக் கண்ணாடி தோளில் இடித்துவிட்டுப் போனது. இழுத்தவர் குவாரி வாட்ச்மேன்.

"என்னங்க ஐயா, மலை மாதிரி வருது, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க!"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார் தராசுக்காரர். வேனுக்குள் போய் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. தோளில் கருநீலமாகக் கன்றிப்போயிருந்ததை வீட்டில் பார்த்துவிட்டு மனைவி கேட்டபோது, எடைக்கல் நழுவி விழுந்துவிட்டது என்றார். அவள் அவர் முழியைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும், "நானும் வரேன்" என்றாள்.

"எங்க?"

"உங்ககூடத்தான். ஊரு ஊரா சுத்துறீங்களே, நானும் ஒரு தடவ பாக்குறேன்."

"அது குவாரி. பாக்க என்ன இருக்கு? கல்லும் தூசியும்."

"உங்களப் பாக்குறதுக்கு வரேன்னு வச்சுக்கங்களேன்."

எதற்காக வருகிறாள் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

முதல் மூன்று நாளும் அவள் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து கவனித்தாள். ஒன்பது மணிக்கு அவர் வேனிலிருந்து பாட்டில்களை எடுத்து வருவார், கை கழுவுவார், அண்ணாந்து படுப்பார், சொட்டு விடுவார். ஒரு சொட்டு வெளியே விழுந்தால் இன்னொன்று. ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. மூன்றாம் நாள் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "உங்களச் சந்தேகப்பட்டுட்டேங்க" என்றாள் கண்ணை மூடிப் படுத்திருந்தவரிடம். அவர் மூச்சு கொஞ்சம் இளகியது.

நாலாம் நாள், லாரி இடித்த அந்தக் குவாரிக்குப் போனார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து வேன் கதவைத் திறந்துவிட்டார்.

"அம்மாவும் வந்திருக்காங்களா? அன்னைக்கு நான் மட்டும் ஐயாவக் காலரப் புடிச்சு இழுக்கலைன்னா என்ன ஆயிருக்கும் சொல்லுங்க! லாரிச் சக்கரம் இந்தா இவ்வளவு தூரத்துல!" கையை அகட்டிக் காட்டினார்.

மனைவி தராசுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். எடைக்கல் கதை அங்கேயே செத்துப்போயிற்று.

வேலை முடியும்வரை அவள் வாட்ச்மேனின் கொட்டகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வேனில் ஏறினார்கள். இருக்கை தொட முடியாத சூடு. அவர் கண்ணாடிகளை இறக்கினார். அவள் தொண்டை வறண்டு, காலையில் முன்பெட்டியில் போட்டுவைத்த சாக்லேட் மிட்டாய் ஒன்றை எடுக்கலாம் என்று மூடியைத் திறந்தாள். பெட்டிக்குள் கைவிட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். விரலெல்லாம் பழுப்பாகக் கூழ். மிட்டாய் காகிதத்தை விட்டு ஒழுகி, மருந்து பாட்டில்களின் அட்டைப்பெட்டிகளிலும் அப்பியிருந்தது. துடைக்கலாம் என்று ஒரு பாட்டிலை எடுத்தாள். காப்பித் தம்ளரைப் பிடித்தது போலச் சுட்டது.

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "என்னங்க, வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

"இன்னும் கிளப்பவே இல்லையே."

"இத எவ்வளவு நாளா இதுக்குள்ள வச்சிருக்கீங்க?"

"வாங்குனதுலேர்ந்து. ஏன்?"

"மிட்டாயே இந்தக் கதி ஆயிருக்கு. மருந்து என்ன ஆகும்?" அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்துகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைக்கவும் என்று இருந்தது.

அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவாக, சுத்தமாக, தண்ணீர் மாதிரி இருந்தது. "ஒண்ணும் ஆகலையே. நிறம்கூட மாறல" என்றார். சொல்லும்போதே அவர் குரலில் பிடிப்பு இல்லை.

மாலை நாலரைக்கு ஒரு கூட்டுரோட்டில் மருந்துக்கடையைக் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர் வழுக்கைத் தலையும் நிதானமான பேச்சும் உள்ள மனிதர். பாட்டிலை வாங்கிப் பார்த்தார், கதையைக் கேட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜுலதான் இருக்கணும். திறந்தத ஒரு மாசம், ஒன்றரை மாசம் வெளிய வச்சுக்கலாம். வெளியன்னா நிழலான அறையில. வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள அறுபது டிகிரிகூடப் போகும். எத்தன நாளா?"

"ஏழெட்டு மாசமா."

கடைக்காரர் உச்சுக் கொட்டவில்லை. அதற்காகத் தராசுக்காரர் அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னார்.

"பாக்க நல்லாத்தானே இருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

"அதுதாங்க பிரச்சின. பால் கெட்டா திரியும், காட்டிக்கொடுத்துடும். இது கெட்டாலும் அப்படியேதான் இருக்கும். நீங்க போட்டது முழுக்க வீண்னு நான் சொல்ல முடியாது. எவ்வளவு வேலை செஞ்சுதுன்னும் யாராலயும் சொல்ல முடியாது. இருக்குறத எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, சீக்கிரமா டாக்டரப் பாருங்க."

மீதி வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மறுநாளே ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் மனைவிதான் பேசினாள். ஒரே ஒரு தடவை, "நான் ஒழுங்காத்தானே இருந்தேன்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. அவள் அவர் முழங்கையில் கைவைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த பரிசோதனை அந்த வாரமே நடந்தது. இருட்டு அறை. ஒரு கண்ணை மூடிவிட்டு, மோவாயைத் தாங்கியில் வைத்து, கிண்ணம் மாதிரியான வெள்ளைக் குழிக்குள் பார்க்க வேண்டும். எங்கேயாவது புள்ளியாக ஒளி மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவர் ஒன்றையும் விடாமல் அழுத்தினார். வெளியே வந்து, "எல்லாத்தையும் பிடிச்சுட்டேன்" என்றார் மனைவியிடம், பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி.

டாக்டரம்மா காகிதத்தை மேஜையில் விரித்தார். இடது கண்ணின் படத்தில், இடது ஓரத்திலிருந்து கீழ் வரைக்கும் கரி அப்பிய கையை வைத்துத் தேய்த்தது போலக் கறுப்பு. வலது கண்ணில் ஒரு சிறு கறை.

"இந்தப் பக்கம் வந்த ஒளி உங்களுக்குத் தெரியவே இல்ல. தெரியாததுனாலதான் விட்டதும் தெரியல."

மனைவி வேன் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வெளியே வரிசையில் அடுத்த ஆள் இருமுவது கேட்டது.

"மருந்து போட்டீங்களா, போட்டீங்களான்னு கேட்டேன்" என்றார் கடைசியில். "எங்க வச்சிருந்தீங்கன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

தராசுக்காரர் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை மாதமாக இவரிடம் சண்டை போட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை. "இது பூராவும் அதனாலயாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பிரிச்சுச் சொல்ல முடியாது. நல்ல மருந்து போட்டும் சிலருக்கு நோய் போயிக்கிட்டே இருக்கும். அழுத்தம் ஏறுன மாசங்களப் பாத்தா, சூடு ஒரு காரணமா இருந்திருக்கும்னு நெனைக்கிறேன். இனிமே வண்டி ஓட்டாதீங்க. லாரிங்களுக்கு நடுவுல தனியா நிக்காதீங்க."

வேன் சாவியைக் கொடுப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இரண்டு நாள் அது சட்டைப்பையிலேயே கனத்தது. மூன்றாம் நாள் முதலாளி மேஜையில் வைத்துவிட்டு, லாரி இடித்ததையும் சேர்த்துச் சொன்னார். கைதேர்ந்த ஆளை விட முதலாளிக்கும் மனமில்லாததால், வேன் ஓட்ட ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரை அமர்த்தினார். அந்த டிரைவர் வாய் ஓயாமல் பேசுகிறவர். பஸ் நிறுத்தம் வந்த இடத்திலெல்லாம் பழக்க தோஷத்தில் வேனை ஓரங்கட்டுவார்.

புது மருந்துடன் போன முதல் பயணமே சொதப்பியது. ராத்திரி சொட்டு விட்டதும், லாட்ஜ் வரவேற்பில் இருந்தவரிடம், "மருந்துங்க, சூடு ஆகக்கூடாது, தயவுசெஞ்சு உங்க ஃபிரிட்ஜுல வைங்க" என்று கெஞ்சிக் கொடுத்தார். அந்த நல்ல மனிதர் இன்னும் நன்றாகக் குளிரட்டுமே என்று மேல்தட்டில், ஐஸ் உறையும் இடத்தில் வைத்துவிட்டார். மறுநாள் மாலை போய்க் கேட்டால் பாட்டில் கல்லாக இருந்தது.

தராசுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். "உறஞ்சு போச்சும்மா."

"அய்யய்யோ. அதுவும் கூடாதுங்களே."

"தெரியும். பொட்டியிலயே போட்டிருக்கு, உறைய விடக்கூடாதுன்னு. இப்பத்தான் பாத்தேன்." சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. "கிட்டத்துல இருக்குற மருந்துக்கடை நாப்பது கிலோமீட்டர். மூடிட்டானாம்."

அன்று ஒன்பது மணிக்கு மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சொட்டு விடவில்லை. விடுகிற நேரத்துக்குக் கை தானாகப் பைக்குப் போயிற்று. கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். வாய் அகலமான ஒரு பிளாஸ்க். அதில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில், அதைச் சுற்றிக் கைத்துண்டு, துண்டுக்கு வெளியே மருந்து. குளிர்ந்த பாட்டிலும் மருந்தும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பள்ளிக்கூட பஸ்ஸுக்குள் மாட்டியிருப்பது போன்ற ஒரு சின்ன வெப்பமானியை வாங்கி, மூன்று நாள் தன் வீட்டு மாடி வெயிலில் பிளாஸ்க்கை வைத்து மணிக்கொருதரம் ஓடி ஓடிப் பார்த்தாள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். ஒரு பயணத்துக்கு ஒரு பாட்டில்தான், மிச்சம் ஃபிரிட்ஜ் கதவில். தராசுக்காரர் பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு குவாரி ஆபீஸ்களில் குளிர்ந்த தண்ணீருக்குக் கை நீட்டிப் பழகினார். முதலில் கூச்சமாக இருந்தது. அதுவும் பழகிவிட்டது. டிரைவர் அதற்கு "மாப்பிள்ள" என்று பேர் வைத்தார். "மாப்பிள்ளைக்கு நிழல் இருக்கா பாருங்க, அப்புறம் வண்டிய நிறுத்துறேன்."

நாலு மாதம் கழித்து அழுத்தம் பதினாறு. டாக்டரம்மா எண்ணை எழுதி, அதன்மேல் ஒரு வட்டம் போட்டார்.

"போனது?" என்றார் தராசுக்காரர். விடை தெரிந்த கேள்விதான்.

"அது வராதுங்க. இருக்குறதக் காப்பாத்தலாம்."

அவர் தலையாட்டினார். எல்லாம் சரியாக நடக்கிறது, இருந்தாலும் அவர் மனசு சரியாகவில்லை. வீட்டில் இடது பக்கம் வைத்த தம்ளரைத் தட்டிவிடுகிறார். கூட்டத்தில் யாராவது அந்தப் பக்கத்திலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. காலையில் பல் தேய்க்கும்போது சில நாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் எதுவரை தெரிகிறது என்று பார்ப்பதும், நேற்றைவிடக் குறைந்ததா என்று பயப்படுவதும் உண்டு. மனைவி பார்த்தாலும் பார்க்காதவள் போலப் போய்விடுவாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சந்தை நேரத்து நெரிசல். ஸ்கூட்டர்கள் சீறிக்கொண்டு போயின. தராசுக்காரர் நடைபாதை ஓரத்தில் நின்று, கழுத்தை இடது பக்கம் முழுசாகத் திருப்பிப் பார்த்தார். அவசரப்படவில்லை. மனைவி பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கப் போனவள், வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள்.

"வா, போலாம்" என்றார் அவர். இருவரும் இறங்கி நடந்தார்கள்.